ஒரு பேக்கேஜ், பல கைகள்: ஏயூஆர், ஃபெடோரா, டெபியன்

ஒரு டெஸ்க்டாப் செயலியை முதல் முறை பேக்கேஜ் செய்வதை (நிறுவத் தயாரான தொகுப்பாக்குவதை) தனி ஆளாக ஓரிரு நாளில் முடித்துவிடலாம். அப்புறம் வருவதுதான் நீளம்: புதிய பதிப்பு, க்யூடி (செயலியின் திரை முகப்புக்கான நூலகம்) மாற்றம், மெனுவில் ஐகான் வரவில்லை என்ற புகார். அதனால் டிஸ்ட்ரோக்களை (ஆர்ச், ஃபெடோரா, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளை) ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: மூன்று மாதம் நான் காணாமல் போனால் என் பேக்கேஜை யார் தொட முடியும்?

ஆர்ச் லினக்ஸின் ஏயூஆரில் (பயனர்களே பேக்கேஜ் செய்முறைகளைப் பகிரும் களஞ்சியம்) நுழைய எந்தத் தடையும் இல்லை. கணக்கு தொடங்கி, பேக்கேஜ் கட்டும் செய்முறையான பிகேஜிபில்ட் கோப்பையும் அதிலிருந்து உருவாகும் விவரச் சுருக்கமான எஸ்ஆர்சிஇன்ஃபோ கோப்பையும் கிட் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வழியாகத் தள்ளினால் போதும். (இரண்டாவதைப் புதுப்பிக்க நான் மறந்த நாட்களுக்குக் கணக்கே இல்லை.) இணைப் பராமரிப்பாளர்களைச் சேர்க்கலாம். ஆனால் வெளியாள் ஒருவர் திருத்தம் அனுப்ப, அங்கே புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தை ஏற்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கை) வசதி கிடையாது. பராமரிப்பாளர் கைவிட்ட பேக்கேஜை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 2018 ஜூலையில் அப்படி அனாதையாகக் கிடந்த அக்ரோரீட் (பிடிஎஃப் வாசிப்பான்) பேக்கேஜை ஒருவர் எடுத்து, அதில் தீங்கு நிரலைப் புகுத்தினார். திறந்த கதவு திருடனுக்கும் திறந்ததுதான். நாலு பேர் பயன்படுத்தும் சிறு கருவி என்றால் ஏயூஆர் போதும். கூட்டுப் பராமரிப்புக்கு அதை நான் நம்ப மாட்டேன்.

ஃபெடோராவில் பேக்கேஜ் கட்டும் செய்முறை எல்லாம் ஒரே ஸ்பெக் கோப்பில் அடங்கிவிடும். புதிய பேக்கேஜை இன்னொரு பேக்கேஜர் உட்கார்ந்து பரிசீலிப்பார். முதல் முறை வருபவருக்கு ஸ்பான்சரும் (வழிகாட்டிச் சேர்த்துக்கொள்ளும் அனுபவசாலி) வேண்டும். செயலியின் பெயரும் ஐகானும் மெனுவில் வர உதவும் டெஸ்க்டாப் கோப்பைச் சரிபார்க்கும் கட்டளை ஸ்பெக்கிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. ஐகான் புகார்களில் பாதி அங்கேயே அடங்கிவிடும் என்பது என் கணிப்பு. திருத்தம் அனுப்புவது சாதாரண புல் ரிக்வெஸ்ட்தான். பராமரிப்பாளர் பதில் சொல்லாவிட்டால், 'ப்ரூவன் பேக்கேஜர்' தகுதி பெற்றவர்கள் ஏறக்குறைய எந்தப் பேக்கேஜிலும் கைவைக்கலாம். தொந்தரவு வேறு இடத்தில். சுமார் ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 13 மாத ஆதரவு. ஆகவே ஒரே திருத்தம் அடுத்த வெளியீடு உருவாகிவரும் ராஹைடுக்கும் நடப்பிலுள்ள இரண்டு வெளியீடுகளுக்கும் போக வேண்டியிருக்கும்.

டெபியன்தான் மூன்றிலும் மெதுவானது. ஆளை அதிகம் சோதிப்பது காப்புரிமைக் கோப்பு. டெஸ்க்டாப் செயலிக்குள் ஐகான், எழுத்துரு, ஒலி என்று பலருடைய ஆக்கங்கள் ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றின் உரிமத்தையும் தேடிப் பிடித்து எழுத வேண்டும். புதிய பேக்கேஜ் அனுமதிக்காக 'நியூ' வரிசையில் நிற்கும்போது அதைத்தான் துருவிப் பார்ப்பார்கள். பதிவேற்றும் உரிமை கிடைக்கும்வரை ஒவ்வொரு முறையும் உங்களுக்காகப் பதிவேற்றித் தரும் ஸ்பான்சரை நாட வேண்டும்.

இவ்வளவு இருந்தும் என் ஓட்டு டெபியனுக்கே. காரணம் அதன் குழுக்கள். பராமரிப்பாளர் என்ற இடத்தில் குழுவின் பெயரைப் போட்டு, தனி ஆட்களைப் பதிவேற்றுவோர் பட்டியலில் வைக்கலாம். அந்தப் பட்டியலில் இல்லாத குழு உறுப்பினரும் 'டீம் அப்லோட்' என்று குறிப்பிட்டுப் புதிய பதிப்பை ஏற்றலாம். யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. பெரிய நூலகம் ஒன்று மாறும்போது அதை நம்பியிருக்கும் செயலிகளைக் குழுவே வரிசையாகச் சரிசெய்யும். 2018 முதல் இந்த வேலை பெரும்பாலும் சல்சா என்ற கிட்லேப் தளத்தில் நடக்கிறது. மெர்ஜ் ரிக்வெஸ்ட் (புல் ரிக்வெஸ்ட் போன்றதே) அனுப்ப டெபியன் உறுப்பினராக இருக்கத் தேவையில்லை. எரிச்சல் தருவது, குழுவுக்குக் குழு வழக்கம் மாறுவது. சிலர் முழு மூல நிரலையும் கிட்டில் வைப்பார்கள், சிலர் பேக்கேஜிங் கோப்புகள் இருக்கும் டெபியன் அடைவை மட்டும் வைப்பார்கள். சேரும் முன் அந்தக் குழுவின் பழைய கமிட்டுகள் (கிட்டில் பதிந்த மாற்றங்கள்) பத்தையாவது படித்துவிடுங்கள்.

எந்த டிஸ்ட்ரோவிலும் ஓடும் செயலிகளைத் தரும் ஃபிளாட்ஹப் இருக்கிறதே என்பீர்கள். செயலியை எழுதியவரே பேக்கேஜ் செய்ய அது அருமையான வழி. ஆனால் அது டிஸ்ட்ரோவுக்கான வேலை அல்ல, அதனால் இங்கே ஒதுக்கிவிட்டேன்.

சரி, டெபியன் என்று முடிவெடுத்தால் புதிய செயலியோடு தொடங்காதீர்கள். பராமரிப்பாளரே உதவி கேட்டு 'ஆர்எஃப்எச்' எனக் குறித்த பேக்கேஜ்கள் இருக்கின்றன. அவை ஏற்கெனவே களஞ்சியத்தில் இருப்பதால், புதுப் பெயரில் பைனரி (பயனர் நிறுவும் பேக்கேஜ்) எதையும் சேர்க்காதவரை நியூ வரிசையில் நிற்க வேண்டாம். ஸ்பான்சரையும் தேடி அலைய வேண்டியதில்லை. உதவி கேட்டவரிடம் பதிவேற்றும் உரிமை பெரும்பாலும் இருக்கும்.