ஒப்பினெல் 8-ஆம் எண் மடக்குக் கத்தி: கொடுக்கிற காசு எங்கே போகிறது?

பிரான்சில் 15 யூரோவை ஒட்டிய விலையில் கிடைக்கும் ஒப்பினெல் 8-ஆம் எண் கத்தியைப் பிரித்துப் போட்டால் மேசைமேல் கிடப்பவை ஐந்தே பாகங்கள்: அலகு, மரப்பிடி, பிடியின் கழுத்தில் இறுகிய பூண், அந்தப் பூணின்மேல் சுழன்று அலகைப் பூட்டும் வளையம், அலகைத் தாங்கும் ஆணி. ஸ்பிரிங் கிடையாது, திருகு கிடையாது. இந்த விலையில் கத்தி செய்கிறவர் எதில் காசைப் போட்டிருக்கிறார், எதில் மிச்சம் பிடித்திருக்கிறார் என்பது இந்த எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும். பிடி சாதாரண பீச் மரம்தான். செலவெல்லாம் அலகில்.

மலிவு விலைக் கத்திகள் பலவற்றில் கதை தலைகீழ். மான்கொம்பு போலத் தெரியும் பிளாஸ்டிக் பிடி, பளபளக்கும் பித்தளை முனைகள், கூடவே ஒரு மூடி திறப்பான். அலகைப் பார்த்தால் எந்த எஃகு என்ற விவரம்கூட இருக்காது. வாங்கிய வாரம் வெட்டும், அதற்குப் பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. அலங்காரத்துக்கும் அலகுக்கும் சேர்த்துச் செலவழிக்க அந்த விலை இடம் கொடுக்காது.

ஜோசப் ஒப்பினெல் இந்தக் கத்தியைச் செய்யத் தொடங்கியது 1890-இல், ஆல்ப்ஸ் மலையின் சவுவா பகுதியில். 1897-இல் 1 முதல் 12 வரை அளவுகளுக்கு எண் கொடுத்தார்கள். 1-ம் 11-ம் பிற்பாடு நின்றுபோயின. 8-ஆம் எண்ணின் அலகு 8.5 செ.மீ. நீளம். கத்தியின் மொத்த எடை 50 கிராமைத் தொடாது, சட்டைப்பையில் இருப்பதே தெரியாது.

அலகுக்கு வருவோம். முதுகுப்பக்கமே 2 மி.மீ.க்குக் குறைவான தடிமன்தான். அங்கிருந்து கூர்வரை லேசாகப் புடைத்த வளைவோடு மெலிந்து இறங்குகிறது. இந்த மெலிவுதான் விஷயம். தடித்த அலகு ஆப்பிளையோ மாங்காயையோ பாதிவரை வெட்டி, மீதியைப் பிளக்கும். இது அடிவரை வெட்டிக்கொண்டே போகும். அந்தப் புடைப்பு இருப்பதால் வெட்டிய துண்டும் அலகில் அப்பிக்கொள்ளாமல் விலகி விழுகிறது. மெலிவுக்கு விலையும் உண்டு. டப்பா மூடியை நெம்பினால் முனை ஒடியும். எலும்பில் வைத்துத் திருகினால் கூர் பல் பல்லாகப் பெயரும். பீங்கான் தட்டின்மேல் வைத்து வெட்டினால் கூர் மடங்கிவிடும். அதை எல்லாம் கத்தியின் குறையாக எழுதுவது நியாயமில்லை.

கார்பன் ஸ்டீல், ஸ்டெயின்லெஸ் என இரண்டு வகை வருகிறது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. கார்பன் வகையில் எக்ஸ்சி90 என்ற எஃகு, அதாவது கரிமம் சுமார் 0.90 சதவீதம். ஸ்டெயின்லெஸ் வகையில் ஸ்வீடனின் சாண்ட்விக் 12சி27 எஃகின் திருத்திய வடிவம். இதில் கரிமம் கார்பன் வகையில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி, துருவைத் தடுக்கக் குரோமியம் சேர்ந்திருக்கும். கார்பன் அலகு கல்லில் சீக்கிரம் கூராகும், கூரும் இன்னும் நுண்மையாக வரும். ஆனால் வெட்டிய உடனே துடைக்க வேண்டும். எலுமிச்சையை நறுக்கி அப்படியே வைத்துவிட்டால் சில நிமிடங்களிலேயே கறுத்த திட்டு தெரியும். வாழைப்பூவை இரும்பு அரிவாள்மனையில் நறுக்கியவர்களுக்கு இந்தக் கறுப்பு புதிதல்ல.

கறுப்புக்கும் துருவுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். சாம்பல், நீலம், கறுப்பு எல்லாம் அலகின்மேல் படியும் காப்பு, அதைத் தேய்த்து எடுக்க வேண்டாம். செம்மஞ்சள் நிறத்தில் விரலில் ஒட்டுவது துரு. அதை அன்றைக்கே ஒரு சொட்டு எண்ணெயும் மெல்லிய இரும்பு நாரும் கொண்டு எடுத்துவிட வேண்டும், விட்டால் அலகைக் குழிபறிக்கும். காப்பு தானாகப் படியக் காத்திருக்க விருப்பமில்லை என்றால், அலகைச் சோப்புப் போட்டு எண்ணெய்ப் பசை போகக் கழுவி, சூடான வினிகர் நனைத்த துணியைச் சுற்றி 10, 15 நிமிடம் வைக்கலாம். சாம்பல் நிறம் ஏறியதும் தண்ணீரில் அலசித் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். வினிகர் கூரையும் கொஞ்சம் அரித்திருக்கும் என்பதால் கடைசியில் ஒரு தீட்டல் தேவை. இதைச் செய்துவிட்டு, கூர் போய்விட்டது, எஃகு மட்டம் என்று குறை சொல்பவர்கள் பலர். உணவு வெட்டும் கத்திக்குப் பூசத் தேங்காய் எண்ணெய் போதும்.

இந்தக் கத்தியின் உண்மையான பலவீனம் மரம். பீச் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும். உப்பினால் பிடியில் அலகு உட்காரும் பிளவு ஒடுங்கி அலகைக் கவ்விக்கொள்ளும், நகத்தால் எவ்வளவு இழுத்தாலும் வெளியே வராது. மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் இது நிச்சயம் நடக்கும். சவுவாக்காரர்களிடம் இதற்கு ஒரு கைமுறை இருக்கிறது, பெயரே ‘சவுவாக்காரன் தட்டு’தான். வளையத்தைத் திறந்துவிட்டு, பிடியின் அடிப்பகுதியை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் அலகு நகத்துக்கு அகப்படும் அளவு எழும்பும்.

நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால், கத்தியைத் திறந்த நிலையில் நிழலில் இரண்டு மூன்று நாள் நன்றாக உலர விட வேண்டும். மெல்லிய அட்டையில் 400 நம்பர் உப்புத்தாளை மடித்து, பிளவின் இரு உட்சுவர்களையும் சமமாகத் தேய்க்க வேண்டும். அலகு உரசும் இடத்தில் மரம் பளபளத்திருக்கும், அங்கேதான் வேலை. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து அவ்வப்போது மடக்கிப் பார்க்க வேண்டும், ஒரேயடியாகத் தேய்த்தால் அலகு தளர்ந்து ஆடும். பிறகு ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட்டு, மறுநாள் இன்னொரு பூச்சு. தடிமனாகப் பூசி விட்டுவிட்டால் பிசின்போல் இறுகி வளையத்தையும் சேர்த்து ஒட்டவைத்துவிடும். தேங்காய் எண்ணெய் மரத்தில் காயாது, ஆகவே இங்கே அது உதவாது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போட வேண்டும்.

சுழலும் வளையத்துக்கு விரோபிளாக் என்று பெயர். 1955-இல் வந்தது. அதுவரை திறந்த அலகு விரல்மேல் மடங்காமல் காக்க எதுவும் இல்லை. 2000-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு மூடிய நிலையிலும் பூட்டுகிறது, பையில் தானாகத் திறக்காது. வளையத்தின் ஓரம் சற்றுச் சரிவாக இருப்பதால், சுழற்றச் சுழற்ற அலகின் அடியில் ஆப்புப்போல் இறுகும். வருடங்கள் போய்த் தேய்ந்தாலும் இன்னும் கொஞ்சம் தள்ளிச் சுழற்றினால் போதும். வளையம் தளர்ந்து தானே சுழன்றால், அதைக் கழற்றிக் குறட்டால் ஒரு துளி நெருக்கினால் சரியாகிவிடும். இந்த விலையில் இவ்வளவு எளிதாகச் செப்பனிடக்கூடிய பூட்டு வேறு எதிலும் இல்லை என்பேன்.

கடையில் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது இவ்வளவுதான். மடக்கிய கத்தியில் அலகு பிளவின் நடுவே இருக்கிறதா, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? திறந்து பூட்டிய பிறகு முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடுகிறதா? விளக்குக்கு நேரே கூரைத் தூக்கிப் பிடித்தால் எங்காவது வெள்ளைக் கோடு மின்னுகிறதா? மின்னினால் அந்த இடம் மொட்டை. பூணுக்குக் கீழே மரத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தால் அந்தக் கத்தி வேண்டாம், வெடிப்பு நாளடைவில் ஓடும். போலியைக் கண்டுகொள்ள அலகின் முத்திரையைப் பாருங்கள். கிரீடம் சூடிய கை, 1909 முதல் இருக்கிற அடையாளம். கோடுகள் மங்கலாகவோ அரைகுறையாகவோ இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

தீட்டுவதற்கு 1000 நம்பர் சாணைக்கல் ஒன்று போதும். அலகின் அகலம் 2 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. கல்லின்மேல் படுக்கவைத்து முதுகை 6 மி.மீ. போலத் தூக்கினால் பக்கத்துக்கு 20 பாகை வரும், அதுவே சரியான கோணம். கூரின் ஓரத்தில் கறுப்பு மார்க்கரால் கோடு போட்டுவிட்டு நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை கூரின் நுனியில் போயிருந்தால் கோணம் சரி. மேலே மட்டும் போயிருந்தால் முதுகை இன்னும் தூக்க வேண்டும். மறுபக்கத்தில் விரலை வைத்து முதுகிலிருந்து கூர்ப்பக்கமாக மெதுவாகத் தடவினால், நீளம் முழுக்க மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படும்வரை பக்கம் மாற்றக் கூடாது. பலர் பிசிறு எழுவதற்கு முன்பே மாற்றிவிடுவதால்தான் மணிக்கணக்கில் தீட்டியும் கூர் வருவதில்லை. இரண்டு பக்கமும் முடிந்ததும் பழைய தோல் பெல்ட்டின் பின்புறத்தில், கூர் பின்னால் இருக்கும்படி பத்து இழுப்பு. செய்தித்தாளின் ஓரத்தை இழுபடாமல் அரிந்தால் வேலை முடிந்தது.

இதே வரிசையில் வைத்துப் பார்க்கத் தகுந்தது ஜப்பானின் ஹியோகோ மாகாணம் மிக்கி நகரத்து ஹிகோனோகாமி மடக்குக் கத்தி. மடித்த உலோகத் தகடுதான் பிடி. பூட்டு கிடையாது. அலகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிக்கிரி என்ற சிறு வாலைக் கட்டைவிரல் அமுக்கிப் பிடிக்கும் வரைக்கும்தான் அலகு நிற்கும். கொஞ்சம் கூடுதல் விலையுள்ளதில் அவோகாமி என்ற கடின எஃகை மிருதுவான இரும்புக்கு இடையில் வைத்து அடித்திருப்பார்கள். கூரின் நுண்மையில் ஒப்பினெல் இதற்குப் பின்னால்தான். ஹிகோனோகாமியின் அலகில் அகலமான சரிவு இருப்பதால் கோணத்தை ஊகிக்க வேண்டியதில்லை, சரிவைக் கல்லில் அப்படியே படியவைத்துத் தேய்த்தால் போதும். ஆணி தளர்ந்தால் இரும்புத் துண்டின்மேல் வைத்துச் சுத்தியலால் லேசாகத் தட்டி இறுக்கலாம். பென்சில் சீவ, மரம் செதுக்க முதல் தேர்வு இதுவே. சாப்பாட்டு வேலைக்கு வேண்டாம், தகட்டின் உள்ளே போன சாறைக் கழுவி எடுப்பது பெரும்பாடு.

பிரான்சின் தியேர் நகரத்தில் 1929 முதல் வரும் டூக்-டூக் கத்திக்கும் தகட்டுப்பிடிதான். ஸ்பிரிங் கடுமையாக இருக்கும். வாங்கியதும் அலகை டப்பென்று மூடவிடாமல் விரலால் தாங்கி மூட வேண்டும், இல்லையென்றால் கூர் உள்ளே முட்டி மழுங்கலாம். ஜெர்மனியின் மெர்காட்டோர் கத்தியும் தகட்டுப்பிடிதான், பிடியின் முதுகில் பூட்டு உண்டு, உறுதியும் உண்டு. தகட்டின் ஓரம் உள்ளங்கையை உறுத்துவதால் நீண்ட நேர வேலைக்கு ஒத்துவராது. விலையும் ஒப்பினெலைவிடக் கணிசமாக அதிகம்.

ஆக, துடைத்து வைக்கும் பழக்கம் உள்ளவருக்கு 8-ஆம் எண் கார்பன், இல்லாதவருக்கு அதே எண் ஸ்டெயின்லெஸ். குழந்தைக்குக் கத்தி பழக்க, முனை உருண்ட 7-ஆம் எண் தனியாக வருகிறது. விமானத்தில் எந்த எண்ணானாலும் கைப்பையில் அனுமதி இல்லை, சரக்கில் போடும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். பிரிட்டனில் இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். காரணம் சொல்லாமல் வெளியில் எடுத்துச் செல்ல அங்கே அனுமதி உள்ளது, பூட்டில்லாத, கூர் 3 அங்குலத்தைத் தாண்டாத மடக்குக் கத்திக்கு மட்டுமே. விரோபிளாக் வளையம் அங்கே பூட்டு, ஆகவே 8-ஆம் எண் வீட்டிலேயே இருக்கட்டும். வளையம் 6-ஆம் எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. சட்டைப்பைக்கு 5-ஆம் எண்ணை வாங்கலாம்: அலகு 6 செ.மீ., அதே வடிவம், வளையம் கிடையாது.