ஐரோப்பிய ரயில் பயணம்: முதலில் வரைபடம், அப்புறம் கால அட்டவணை

ஐரோப்பாவுக்குள் ரயிலில் போகத் திட்டமிடும் பலரும் முதலில் ஏதாவது ஒரு டிக்கெட் செயலியைத் திறந்து "சூரிச் – லுகானோ" என்று இரண்டு சுவிஸ் ஊர்களைத் தட்டுவார்கள். நேரடி ரயில் இருக்கிறது, சுமார் இரண்டு மணி நேரம் என்று உடனே பதில் வரும். பதில் சரிதான். ஆனால் அந்த ரயில் 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்ட் பேஸ் சுரங்கத்துக்குள் புகுந்து போவது. ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே வெறும் இருட்டு. 1882-இல் திறந்த பழைய மலைப்பாதை இன்றைக்கும் இருக்கிறது, அதில் தினமும் பயணிகள் ரயில் ஓடுகிறது, ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும் என்பதைச் செயலி தானாகச் சொல்லாது. கேட்டால் காட்டும். கேட்பதற்கு அப்படி ஒரு பாதை இருப்பதே முதலில் தெரிந்திருக்க வேண்டுமே!

இதனால்தான் பல வருடங்களாக என் திட்டம் வரைபடத்திலிருந்து தொடங்குகிறது. அதிகம் பயன்படுத்தியது ஓப்பன்ரெயில்வேமேப். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை வைத்துத் தன்னார்வலர்கள் நடத்தும் இலவசத் தளம். சுவிட்சர்லாந்தை அதில் பெரிதாக்கிப் பார்த்தால், எர்ஸ்ட்ஃபெல்ட் பக்கத்தில் ஒரே தடம் இரண்டாகப் பிரிவது தெரியும். ஒன்று நேராகத் தெற்கே போகும் புதுச் சுரங்கம். இன்னொன்று வளைந்து நெளிந்து, சுற்றிச் சுற்றி மேலேறும் பழைய பாதை. இரண்டும் பியாஸ்கா அருகே மறுபடி சேர்கின்றன. வாஸன் என்ற சிற்றூரின் தேவாலயத்தைப் பழைய பாதையில் மூன்று முறை பார்க்கலாம்: முதலில் நமக்கு மேலே, பிறகு நேர் எதிரே, கடைசியில் கீழே. ஏன் அப்படி என்பது வரைபடத்தில் அந்தச் சுற்றுகளைப் பார்த்தவுடன் புரிந்துவிடும். 2023 ஆகஸ்டில் சரக்கு ரயில் தடம் புரண்டு புதுச் சுரங்கம் சேதமானது. முழுமையாகத் திறக்க 2024 செப்டம்பர் ஆயிற்று. அதுவரை பெரும்பாலான பயணிகள் ரயில்கள் இந்தப் பழைய பாதையில்தான் திருப்பி விடப்பட்டன. மாற்றுப் பாதை தெரிந்து வைத்திருப்பதில் இப்படி ஒரு லாபமும் உண்டு.

இந்தத் தளத்தில் வேக அடுக்கு என்று ஒன்று இருக்கிறது. மெதுவான தடங்கள் நீலம், வேகம் கூடக் கூடச் சிவப்புப் பக்கம் போகும். நீல நிறத்தில், மலைக்குள் பாம்பு மாதிரி நெளிகிற கோடு தென்பட்டால் அங்கே ஜன்னலோர இருக்கை வேண்டும் என்று குறித்துக்கொள்வேன். ரயில் பைத்தியங்களுக்குத் தண்டவாள அகல அடுக்கும் உண்டு. ஸ்பெயினின் பழைய பாதைகள் 1668 மில்லிமீட்டர், நம் அகலப் பாதை 1676. ஸ்பெயினின் அதிவேகப் பாதைகள் மட்டும் பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளைப் போல 1435. பயணத்துக்கு இதனால் ஒரு பயனும் இல்லை, ஆனாலும் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

குறை என்னவென்றால், தண்டவாளம் இருப்பதைக் காட்டுமே தவிர, அதில் பயணிகள் ரயில் ஓடுகிறதா என்று காட்டாது. சரக்குப் பாதையையும் பயணிகள் பாதையையும் கோட்டை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. அதற்கு ஜெர்மன் ரயில்வேயின், அதாவது டாய்ச்ச பானின் தேடல் பக்கம். ஜெர்மனிக்குள் மட்டுமல்ல, ஐரோப்பாவின் பெரும்பாலான ரயில்களின் நேரமும் அதில் கிடைக்கிறது. எனக்கு அதில் பிடித்தது, இடையில் எந்த ஊர் வழியாகப் போக வேண்டும் என்று நாமே கொடுக்க முடிவது. சூரிச்சுக்கும் லுகானோவுக்கும் இடையே, பழைய பாதையில் இருக்கும் கோஷெனன் என்ற ஊரைச் சேர்த்துவிட்டால் மலைப்பாதை ரயில்கள் வரிசையாக வந்து நிற்கும். ரயில் மாறக் குறைந்தபட்சம் எத்தனை நிமிடம் வேண்டும் என்றும் சொல்லலாம். பெட்டிகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கு இது பெரிய உதவி. ஏழு நிமிடத்தில் நடைமேடை மாறு என்று அது நம்மை விரட்டாது. ஜெர்மனியைத் தொடாத பயணங்களுக்குப் பல நேரம் விலை வராது. தனியார் ரயில்கள் எல்லாமும் வராது. இத்தாலிக்குப் போகிறவர்கள் இத்தாலோ என்ற தனியார் நிறுவனத்தின் ரயில்களைத் தனியாகத் தேடுவது நல்லது.

டிக்கெட்டை எங்கே வாங்குவது என்ற கேள்விக்கு நான் போவது 'தி மேன் இன் சீட் 61' தளத்துக்கு. முன்பு பிரிட்டிஷ் ரயில்வே துறையில் வேலை பார்த்த மார்க் ஸ்மித் 2001-இல் ஆரம்பித்தது. நாடு வாரியாக வரைபடம், எந்த ரயிலுக்கு முன்பதிவு கட்டாயம், பாரிஸில் எந்த ஊருக்கு எந்த நிலையம் என்று எல்லாம் இருக்கும். பாரிஸ் விஷயம் முக்கியம்: லண்டன் ரயில் கார் து நோரில் வந்து நிற்கும், சூரிச் ரயில் கார் த லியோனில் கிளம்பும், நடுவில் மெட்ரோவில் நகரத்தைக் கடக்க வேண்டும். பக்கங்கள் அனுமார் வால் மாதிரி நீளும் என்பதுதான் கஷ்டம். ஃபோனில் படிப்பது வீண் வேலை, மடிக்கணினியில் உட்கார்ந்து படியுங்கள். டிக்கெட்டை அந்தந்த நாட்டு ரயில்வேயிலேயே வாங்குகிறேன். இடைத்தரகர் தளம் ஒன்றில் அதே ரயிலுக்கு, அதே வகுப்புக்கு, சேவைக் கட்டணம் என்று கூடுதலாகக் கேட்டதைப் பார்த்ததிலிருந்து அந்தப் பக்கம் போவதில்லை.

பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களுக்கும் ஒரே சீட்டாகச் செல்லும் யூரெயில் பாஸ் எடுப்பவர்களுக்கு ரெயில் பிளானர் செயலி. இணையம் இல்லாமலும் கால அட்டவணை பார்க்கலாம். முன்பதிவு கட்டாயமில்லாத ரயில்களை மட்டும் காட்டு என்றும் கேட்கலாம். பாஸ் கையில் இருந்தாலும் பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சரோசா போன்ற அதிவேக ரயில்களுக்கு இருக்கைக் கட்டணம் தனியாகக் கட்ட வேண்டும் என்பதால் அந்த வடிகட்டி பணத்தை மிச்சப்படுத்தும். இணையம் இல்லாதபோது தாமதச் செய்தி தெரியாது, அவ்வளவுதான்.

சுவிட்சர்லாந்துக்கான சுவிஸ் டிராவல் பாஸுக்கு வேறு கதை. அதற்கென்றே ஒரு வரைபடம் பிடிஎஃப்-ஆகக் கிடைக்கிறது. எந்தப் பாதை முழுக்க இலவசம், எங்கிருந்து தள்ளுபடி மட்டும் என்று கோட்டின் வகையை வைத்தே தெரியும். ரிகி மலைக்குப் பாஸ் போதும். யுங்ஃப்ராயோக் போகிறவர்கள் மேல் பகுதிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். பாஸ் வாங்கும் முன்பே அதைத் திறந்து பாருங்கள். கட்டுபடியாகுமா என்ற கணக்கு பாதி அங்கேயே முடிந்துவிடும். ஆல்ப்ஸைத் தாண்டி இத்தாலிக்குப் போகும் பெர்னினா மலைப்பாதையையும் அதிலேயே தேடுங்கள். அங்கே ஓடும் பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற சுற்றுலா ரயிலுக்கு முன்பதிவுக் கட்டணம் உண்டு. ஆனால் அதே தண்டவாளத்தில், அதே 2,253 மீட்டர் உயரத்தைத் தாண்டி, செயின்ட் மோரிட்ஸிலிருந்து இத்தாலியின் திரானோ வரை சாதாரண ரயிலும் போகிறது. அதற்கு முன்பதிவு தேவையில்லை, ஜன்னலையும் திறக்கலாம். படம் எடுப்பவர்களுக்கு அதுதான் சரி.

இன்னொன்று. ஐரோப்பாவில் கால அட்டவணை ஒவ்வொரு டிசம்பரிலும் இரண்டாவது சனிக்கிழமைக்கு மறுநாள் ஞாயிறு அன்று மாறும். ஜனவரிப் பயணத்துக்கு ஆகஸ்டில் தேடினால் ஒன்றும் வராமல் போகலாம்; ரயிலே இல்லை என்று பயப்படாதீர்கள். இப்போதைய அட்டவணையில் அதே கிழமையைப் பார்த்து ஒரு உத்தேசத் திட்டம் போட்டுக்கொண்டு, புது நேரங்கள் ஏறும் அக்டோபர் வாக்கில் திரும்ப வந்து சரிபாருங்கள்.