"சுருங்கிய வயிறு விரிந்துவிட்டது, மறுபடியும் சுருக்குகிறோம்" என்பவர்களை நம்பாதீர்கள்: பினாங்கில் 6,800 ரிங்கிட் போனது

6,800 ரிங்கிட். பணமும் போய், உடம்பும் கெட்டு, கடைசியில் "நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள்" என்ற பதிலும் ஓர் எடை குறைப்பு மையத்திடமிருந்து இன்று காலை வந்து சேர்ந்தது. அதைப் படித்த சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். எடை குறைய இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, சில ஆண்டுகளில் எடை திரும்பவும் ஏறி, வெளியில் சொல்லக் கூசிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். இந்தக் கும்பல் தேடுவது உங்களைத்தான். இப்படி எடை ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

2019-ல் எனக்கு ஸ்லீவ் அறுவைச் சிகிச்சை நடந்தது. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒடுங்கிய குழாயாக விட்டுவிடுவார்கள். 118 கிலோ இருந்த நான் 74-க்கு வந்தேன். சர்க்கரை மாத்திரை நின்றது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் படிகளை மூச்சு வாங்காமல் ஏறினேன். அந்தச் சந்தோஷத்தை யாராலும் என்னிடமிருந்து பறிக்க முடியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு மெல்ல மெல்ல ஏறத் தொடங்கியது. முதலில் ஒரு கிலோ, இரண்டு கிலோ. பிறகு 80. இந்த ஆண்டு தொடக்கத்தில் 91. இரவு பசி திரும்பியிருந்தது. இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: ஒடுங்கிய இரைப்பையில் கோழி இறைச்சி நான்கு வாய் போனாலே அடைத்துக்கொள்ளும். ஆனால் மைலோவில் நனைத்த பிஸ்கட், கறியில் ஊறிய ரொட்டி சானாய், முறுக்கு, ஐஸ்கிரீம் எல்லாம் தங்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். வயிறு நிறைந்த உணர்வே வராது. உடம்பும் சும்மா இருப்பதில்லை. எடை குறைந்த உடம்பு முன்பைவிடக் குறைந்த சக்தியில் ஓடப் பழகிவிடுகிறது, பசியைத் தூண்டும் சுரப்புகளும் காலப்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தலைதூக்குகின்றன. ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் எடை மிகக் குறைந்த அளவைத் தொட்டு, அதன்பின் ஓரளவு திரும்ப ஏறுவது இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் பலருக்கும் நடப்பது. மருத்துவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நம் சொந்தபந்தங்களுக்குத்தான் தெரியாது. பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணத்தில் என் சித்தி பந்தியில் வைத்தே கேட்டார்: "வயிற்றையே வெட்டிப் போட்டும் அடங்கவில்லையா உனக்கு?" எதிர் இலையில் இருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். அன்றைக்கு நான் பாயசத்தைத் தொடவில்லை. அந்த வாரமே அந்த விளம்பரம் என் கைப்பேசியில் வந்தது.

"அறுவைச் சிகிச்சைக்குப் பின் எடை ஏறிவிட்டதா? விரிந்த வயிற்றை அறுவை இல்லாமல் மீண்டும் சுருக்கலாம்." தமிழிலேயே போட்டிருந்தார்கள். தீவுப் பக்கம், கடைவரிசை ஒன்றின் முதல் மாடியில் இயங்கும் எடை குறைப்பு மையம். பெயரை எழுதப்போவதில்லை. இதே மாதிரி மையங்கள் பெயரை மாற்றிக்கொண்டு எத்தனையோ இருக்கின்றன, பெயரைவிட அவர்கள் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

என்னை உட்கார வைத்துப் பேசியவள் தமிழ்ப் பெண், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வாசலிலேயே "வாங்க அக்கா" என்றாள். என் கதையைக் குறுக்கே பேசாமல் கேட்டாள். சித்தி சொன்னதைச் சொன்னபோது அவள் கண் கலங்கியது. பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு, சட்டையை விலா எலும்பு வரை தூக்கிக் காட்டினாள். தொப்புளுக்கு மேல் ஒன்று, வலது பக்கம் இரண்டு, நெஞ்சுக் குழிக்குக் கீழே ஒன்று. சிறுசிறு தழும்புகள், என் வயிற்றில் இருப்பவை போலவே வெளுத்துப் பளபளத்தன. "நானும் உங்களைப் போல ஸ்லீவ் செய்தவள்தான் அக்கா. எனக்கும் ஏறியது. இந்தத் திட்டத்தில்தான் இறக்கினேன்" என்றாள். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். என்னைப் புரிந்துகொள்ள ஒரு ஆள் இருக்கிறாள் என்று நினைத்து நான் அழுதேன். அவள் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள். அந்த டிஷ்யூ பெட்டிக்குப் பக்கத்திலேயே கட்டண அட்டை தயாராக இருந்தது.

திட்டத்தின் விலை 6,800 ரிங்கிட். வயிற்றின் மேல் குளிர்ந்த பட்டையை வைத்து ஓட்டும் இயந்திரச் சிகிச்சை, காலையும் மாலையும் கலக்கிக் குடிக்க ஒரு மாவு, "ஆலோசனை". இன்றைக்கே கட்டினால்தான் இந்த விலை, நாளைக்கு 9,000 என்றாள். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) நெகிழ்வுக் கணக்கிலிருந்து எடுத்து வைத்திருந்த 3,000 ரிங்கிட்டை அவர்கள் சொன்ன கணக்குக்கு அனுப்பினேன். கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. கேட்டதற்கு "அது முதலாளியின் பெயர் அக்கா" என்றாள். மிச்சம் 3,800-ஐ கடன் அட்டையில் மாதத் தவணையாகப் போட்டார்கள். கையிலிருந்து போன அந்த 3,000 என் மகளின் கல்லூரிச் செலவுக்கு என்று ஒதுக்கிய பணம்.

இன்னொன்றும் சொன்னாள். மருத்துவமனையில் கொடுத்த வைட்டமின் மாத்திரைகளை நிறுத்த வேண்டுமாம், மாவின் வேலையை அவை கெடுக்குமாம். இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஸ்லீவ் செய்துகொண்டவர்கள் பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை மருத்துவர் சொல்கிறபடி ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும். வெட்டி எடுத்த இரைப்பையோடு பி12-ஐ உடம்பு ஏற்றுக்கொள்ளும் வசதியும் குறைந்துவிடுகிறது. உண்மையாகவே இந்த அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவள் இன்னொருத்தியிடம் "அதை நிறுத்துங்கள்" என்று எப்படிச் சொல்வாள்?

மாவு குடிக்கத் தொடங்கியதும் பசி அறவே போய்விட்டது. எடை நான்கு கிலோ இறங்கியது. அவர்கள் என் படத்தை முன்னும் பின்னும் எடுத்துக்கொண்டார்கள். அதே சமயம் வாய் வறண்டது, தூக்கம் போனது, படுத்தால் காதுக்குள் இதயம் அடிப்பது கேட்டது. வாட்ஸ்அப்பில் கேட்டேன். "உடம்பு நச்சை வெளியேற்றுகிறது அக்கா, நல்ல அறிகுறி" என்று பதில் வந்தது. கால் விரல்கள் மரத்துப்போகின்றன என்றேன். "இரத்த ஓட்டம் சீராகிறது" என்றார்கள். ஒருநாள் வேலையிடத்தில் மாடிப்படி ஏறும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். கிளினிக்கில் அளந்தபோது இரத்த அழுத்தம் 168-க்கு 104. எனக்கு இரத்த அழுத்தமே கிடையாது. மருத்துவர் இசிஜி எடுத்துவிட்டு, குடிப்பதைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்.

அந்த வெள்ளி நிறப் பொட்டலத்தை அவர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒட்டியிருந்த சீட்டின் ஓரத்தை நகத்தால் உரித்தார். அடியில் இன்னொரு சீட்டு. வேறு பெயர், வேறு காலாவதித் தேதி. மேல் சீட்டில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவு எண் ஒன்று அச்சிடப்பட்டிருந்தது. தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் அங்கேயே தட்டிப் பார்த்தார். அந்த எண்ணில் பதிவாகியிருந்தது ஓர் இருமல் மருந்து! பசி ஒரேயடியாகப் போய், நெஞ்சு படபடத்து, தூக்கம் கெட்டால் சிபுட்ராமின் கலந்திருக்குமோ என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்றார். இதயத்தையும் மூளை இரத்தக் குழாய்களையும் பாதிக்கிறது என்று 2010-லேயே பல நாடுகளில் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட மருந்து அது. எடை குறைக்கும் காப்பி, மாவு, மாத்திரை என்று விற்கிறவற்றில் அதை ரகசியமாகக் கலப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது.

இதை மையத்திடம் கேட்கப் போனபோதுதான் இழுத்தடிப்பு தொடங்கியது.

முதலில் போன் எடுத்தார்கள். மேலாளர் கோலாலம்பூரில் இருக்கிறார், வந்ததும் அழைப்பார். அடுத்து, "சோறு சாப்பிட்டீர்களா அக்கா? அதனால்தான் ஒத்துக்கொள்ளவில்லை." அதற்கடுத்து, மாவை நிறுத்திவிட்டு 1,200 ரிங்கிட் கூடக் கட்டினால் பேனா ஊசி போடலாம் என்று யோசனை. நேரில் போனபோது அந்த ஊசியை எடுத்துக் காட்டினார்கள், மேசை இழுப்பறையிலிருந்து! பசியைக் குறைக்கும் செமாகுளுடைட் மருந்துப் பேனாவைத் திறக்கும்வரை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும், மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் விற்கவும் கூடாது. பினாங்கு வெயிலில் இழுப்பறையில் கிடந்த எதையோ என் வயிற்றில் குத்தப் பார்த்தார்கள். வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினார்கள்: கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது, வேண்டுமானால் முக அழகுச் சிகிச்சைக்கு மாற்றிக்கொள்ளலாம். 6,800 ரிங்கிட்டுக்கு ஃபேஷியல்! இரத்த அழுத்தம் ஏறி நிற்கிறவளுக்கு ஃபேஷியல்!

தழும்பு காட்டிய பெண் அன்று அங்கேதான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளறைக்குப் போய்விட்டாள். அவளுடைய எண்ணிலிருந்து இப்போது பதிலே இல்லை, என் எண்ணை பிளாக் செய்து வைத்திருக்கிறாள். வங்கியைக் கேட்டால், வியாபாரியிடம் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். தவணை மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது.

எனக்கு அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவமனைக்கே திரும்பப் போனேன். திட்டுவார்கள் என்று பயந்துகொண்டுதான் போனேன், ஒருவரும் திட்டவில்லை. எடை ஏறுவது உடல் பருமன் என்ற இந்த நோயின் ஒரு பகுதி, நீரிழிவைப் போல ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டியது என்று அந்த மருத்துவர் அமைதியாகச் சொன்னார். எக்ஸ்ரேயில் தெரியும் மருந்து கலந்த நீரைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். இரைப்பைக் குழாய் மேல்பக்கம் கொஞ்சம் விரிந்திருக்கிறது. இரத்தத்தில் பி12-உம் இரும்பும் அடிமட்டத்தில். கால் மரத்துப்போனதற்குக் காரணம் அந்த பி12 குறைவுதான், மையம் சொன்ன "இரத்த ஓட்டம்" அல்ல. குடிக்கும் மாவாலோ தேநீராலோ வெளியிலிருந்து ஓட்டும் இயந்திரத்தாலோ விரிந்த இரைப்பையைச் சுருக்க முடியாது என்று படம் வரைந்து காட்டினார். குளிர்ந்த பட்டை தோலுக்கு அடியிலுள்ள கொழுப்போடு நின்றுவிடும், உள்ளே இருக்கும் இரைப்பையைத் தொடக்கூடச் செய்யாது. தழும்பைப் பற்றி அங்குள்ள தாதியிடம் சொன்னேன். பித்தப்பைக் கல்லுக்குத் துளை போட்டுச் செய்யும் அறுவைச் சிகிச்சையிலும் அதே மாதிரித் தழும்புகள் விழும் என்றார். எனக்கு அங்கேயே உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. யாருடைய வலியைக் காட்டி யாரிடம் பணம் பறிக்கிறார்கள்!

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கான தாள்களை நகலெடுக்க இப்போது கிளம்ப வேண்டும், அதனால் அவசரமாகச் சொல்கிறேன். எடை ஏறினால் முதலில் உங்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்த இடத்துக்கே போங்கள். உணவு ஆலோசனை, மருத்துவர் எழுதித் தரும் மருந்து, தேவைப்பட்டால் பைபாஸாக (சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டி உணவு போகும்படி இரைப்பையை இணைப்பது) மாற்றும் மறு அறுவை வரை எல்லா வழியும் அங்கேதான் இருக்கின்றன. வைட்டமினை யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். பதிவு எண்ணை நீங்களே இணையத்தளத்தில் தட்டிப் பாருங்கள், எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, பொருளின் பெயர் பொருந்துகிறதா என்று பாருங்கள். தனி ஆள் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். "இன்றைக்கு மட்டும் இந்த விலை" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாவுப் பொட்டலங்களில் மிச்சமிருந்ததைச் சுகாதார இலாகாவின் மருந்தக அமலாக்கப் பிரிவில் கொடுத்துப் புகார் செய்துவிட்டேன். பணத்துக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போடுகிறேன். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே வழக்கறிஞர் இல்லாமலே 5 ரிங்கிட் கட்டணத்தில் கொண்டுபோகலாம், மூன்று ஆண்டுகளுக்குள் போட வேண்டும். பினாங்கில் இதே "வயிற்றை மறுபடியும் சுருக்கும்" திட்டத்துக்குப் பணம் கட்டியவர்கள் ரசீதையும் பொட்டலத்தையும் வாட்ஸ்அப் பதில்களையும் தூக்கி எறியாமல் வைத்திருங்கள், எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். வெட்கப்படாதீர்கள், நான் யாரிடமும் உங்கள் பெயரைச் சொல்லமாட்டேன். என் 6,800 ரிங்கிட்டை விடுவதாக இல்லை.