கைநெம்புகோல் எஸ்பிரெசோ: பவோனியா, ரோபோட்டா?

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் ஏசி இல்லாத என் சமையலறை, காலை ஏழு மணிக்கே வியர்க்க வைக்கும். கோலாலம்பூரில் நெம்புகோல் எஸ்பிரெசோ இயந்திரம், அதாவது கையால் அழுத்தி வெந்நீரைத் தூள் வழியே செலுத்தி கெட்டிக் காப்பி போடும் இயந்திரம், வாங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் புழுக்கத்தைத்தான்.

லா பவோனி நிறுவனத்தின் யூரோபிக்கோலா 1961இல் இத்தாலியில் வந்தது. நீரைச் சூடாக்கும் பாய்லர் அதிலேயே இருக்கிறது. நெம்புகோலைத் தூக்கினால் ஏறத்தாழ 0.8 பார் (அழுத்த அளவு) அழுத்தத்தில் வெந்நீர் தூளின் மேல் இறங்கும். ஏழெட்டு விநாடி ஊறவிட்டு, பிறகு கைபலத்தால் அழுத்த வேண்டும். முதல் கோப்பை அருமையாக இருக்கும், மூன்றாவதில்தான் வம்பு. பாய்லரோடு ஒட்டிய, தூளின் மேல் நீர் இறங்கும் தலைப்பகுதி இந்தப் புழுக்கத்தில் ஆறாமல் சூடேறிக்கொண்டே போவதால், காப்பியில் கருகல் கசப்பு தலைதூக்கும். ஈரத்துணியை நாலாக மடித்து அதன்மேல் போர்த்துவேன். 'சுர்ர்' என்று ஆவி கிளம்பும். அந்தச் சத்தம் அடங்கியதும் அடுத்த கோப்பைக்குக் கை வைக்கலாம்.

பவோனியில் அழுத்தமானி பொருத்தியிருந்தால், சூடேறியதும் அதன் முள்ளை அப்படியே நம்பவும் கூடாது. உள்ளே அடைபட்ட காற்றும் சேர்ந்து முள்ளைத் தூக்கிவிடும். பால் நுரைக்கும் ஆவிக்குழாயைச் சற்றுத் திறந்து காற்றை விரட்டினால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

இன்னொரு நெம்புகோல் இயந்திரமான கஃபெலாட் ரோபோட்டுக்கு மின்சாரமே வேண்டாம். 58 மி.மீ. பாஸ்கெட்டில் (துளையிட்ட கிண்ணத்தில்) தூளைப் போட்டு, கெட்டிலில் கொதித்த நீரை மேலே ஊற்றி, இரண்டு பக்கக் கைகளையும் ஒருசேர அழுத்தினால் போதும். அழுத்தமானி உள்ள வகையில் முள் 6 பாருக்கும் 9 பாருக்கும் இடையே நிற்கும்படி பார்த்துக்கொள்வேன். கறுப்பாக வறுத்த கொட்டைக்கு முன்சூடு தேவையில்லை. வெளிர் வறுவல் என்றால் பாஸ்கெட்டை வெந்நீரில் சூடாக்கிக்கொள்ள வேண்டும். எத்தனை கோப்பை போட்டாலும் கசப்பு ஏறுவதில்லை. ஆனால் பால் நுரைக்க வழியே இல்லை.

எந்த இயந்திரமானாலும் பாதி வேலை கிரைண்டரில்தான். ஒருநாள் தூளை மாவுபோல் அரைத்துவிட்டேன். உடம்பு எடையையெல்லாம் போட்டு அழுத்தியும் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. வாயில் வைத்த மாமா, "தம்பி, இது காப்பியா, கசாயமா?" என்றார். தப்பு என்னுடையதுதான். சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுத்த, இங்குள்ள கோப்பிக்கடைகளின் (காப்பிக்கடைகளின்) கொட்டையை மட்டும் கிரைண்டரில் போட்டுவிடாதீர்கள். அதன் பற்களில் பிசினாக ஒட்டிக்கொள்ளும்.

பால் கலக்காமல் குடிக்கும் எனக்கு ரோபோட்தான். மாமா வரும் நாளில் மட்டும் பவோனியைச் சூடேற்றுகிறேன். அவருக்கு நுரை வேண்டும்.