படையெடுப்பு நடந்தால் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் எவ்வளவு உதவும்? ஒரு மதிப்பீடு

வீட்டோ, அதாவது ஒற்றை வாக்கால் தீர்மானத்தைத் தடுக்கும் உரிமை, கவுன்சிலின் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளுக்கு (அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ்) மட்டுமே உண்டு. அது இல்லாத நாடு படையெடுத்தால் இந்த அமைப்பு வேலை செய்யும். வீட்டோ உள்ள நாடே படையெடுத்தால் கண்டனத் தீர்மானம்கூட நிறைவேறாது. வாங்கும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல, நம்பும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நன்றாக வேலை செய்ததற்குக் குவைத் சாட்சி. 1990 ஆகஸ்ட் 2 அன்று இராக் படை நுழைந்தது. அன்றே 660ஆம் தீர்மானம், ‘நிபந்தனையின்றி வெளியேறு’ என்றது. நான்கே நாளில் 661 வந்து எண்ணெய் உட்பட வணிகம் முழுவதற்கும் தடை போட்டது. 25ஆம் தேதி 665, கப்பல்களை மறித்துச் சோதிக்க வழி செய்தது. வேகத்தில் குறையே இல்லை.

நவம்பர் 29 அன்று 678ஆம் தீர்மானம் 12க்கு 2 என்று நிறைவேறியது, சீனா வாக்களிக்கவில்லை. ஜனவரி 15க்குள் இராக் வெளியேறாவிட்டால் ‘தேவையான எல்லா வழிகளையும்’ பயன்படுத்தலாம் என்றது. அனுமதி தரும் அந்த வரியில் போர் என்ற சொல்லோ படை என்ற சொல்லோ கிடையாது. ஆனால் ஜனவரி 17 அன்று குண்டுவீச்சு தொடங்கியது அதை வைத்துத்தான்.

படை யாருடையது? அமெரிக்கத் தலைமையிலான கூட்டணியுடையது. உறுப்பு நாடுகள் ஒப்பந்தம் போட்டு ஐ.நா.வுக்குப் படை தர வேண்டும் என்கிறது சாசனத்தின் 43ஆம் பிரிவு. இன்றுவரை அப்படி ஓர் ஒப்பந்தம்கூடக் கையெழுத்தாகவில்லை. பெரிய நாடு ஒன்று முன்வராவிட்டால் 678 வெறும் காகிதம்தான்.

அதிகம் பேசப்படாத, ஆனால் மிகச் சிறப்பாக நடந்த பகுதி இழப்பீடு. ஜெனிவாவில் அமைந்த ஆணையம் இராக்கின் எண்ணெய் வருவாயில் ஒரு பங்கைப் பிடித்து, சுமார் 15 லட்சம் பேருக்கு 5,240 கோடி டாலர் கொடுத்து முடித்தது. கடைசித் தவணை 2022இல். வெளியேற நேர்ந்த தனிநபர்களுக்கான ‘ஏ’ வகை விண்ணப்பத்தில் நஷ்டக் கணக்கு காட்ட வேண்டியதில்லை. அங்கே இருந்ததற்கும் வெளியேறியதற்கும் ஆதாரம் போதும். தனி ஆளுக்கு 2,500 டாலர். வேறு வகையில் கேட்கமாட்டேன் என்றால் 4,000. குவைத்தில் வீட்டு வேலை செய்த இலங்கைப் பெண்களுக்கும் அங்கே பிழைக்கப்போன இந்தியர்களுக்கும் பணம் கிடைத்த வழி இதுதான்.

பெரிய கோளாறு தடையில் இருந்தது. 661க்கு முடிவுத் தேதி வைக்கவில்லை. எடுப்பதற்கும் புதிதாக வாக்கெடுப்பு வேண்டும். அதையும் வீட்டோவால் மறிக்கலாம். 2003 வரை இராக் மக்கள் அதைச் சுமந்தார்கள். இது மன்னிக்க முடியாத வடிவமைப்புத் தவறு.

உக்ரைன் கதை வேறு. 2022 பிப்ரவரி 25 அன்று கண்டனத் தீர்மானத்துக்கு 11 வாக்குகள் விழுந்தன. ரஷ்யா வீட்டோ போட்டது. தகராறில் சம்பந்தப்பட்ட நாடு வாக்களிக்கக் கூடாது என்ற விதி சாசனத்தில் உண்டு. ஆனால் அது சமரச முயற்சிக்கான அத்தியாயத்துக்குத்தான். தடை, படைபலம் பற்றிய ஏழாம் அத்தியாய நடவடிக்கைக்குப் பொருந்தாது. தென் கொரியா மீது வட கொரியா படையெடுத்தபோது 1950இல் தீர்மானம் நிறைவேறியதற்குக் காரணம், வீட்டோ இருந்த சோவியத் பிரதிநிதி கூட்டத்தைப் புறக்கணித்திருந்ததுதான். அந்தத் தவறை யாரும் மறுபடி செய்யமாட்டார்கள்.

மாற்று வழி, எல்லா உறுப்பு நாடுகளும் உள்ள ஐ.நா. பொதுச்சபை. அதன் அவசரச் சிறப்புக் கூட்டத்தைக் கூட்ட, கவுன்சிலின் 15 வாக்குகளில் 9 போதும். நடைமுறை வாக்கு என்பதால் வீட்டோ செல்லாது. உக்ரைனுக்கு மார்ச் 2 அன்று 141 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. ஆனாலும் பொதுச்சபை பரிந்துரைக்கத்தான் முடியும், கட்டாயப்படுத்த முடியாது.

தாக்கப்பட்ட நாடு செய்ய வேண்டியது: தற்காப்பில் இறங்கியதை 51ஆம் பிரிவின்படி உடனே கவுன்சிலுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த 9 வாக்குகளை முதல் நாளே திரட்டத் தொடங்க வேண்டும். இடிந்த ஒவ்வொரு வீட்டையும் தேதி, இடம், படத்தோடு பதிய வேண்டும். உக்ரைனுக்காக ஹேக் நகரில் 2023இல் தொடங்கிய சேதப் பதிவேடு கேட்பது இந்த ஆதாரங்களைத்தான்.