ரோவர் வி8 எஞ்சின் ஏற்றிய எம்ஜிபி காரில் எலெக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

நான்கு சிலிண்டர் எஞ்சினோடு வந்த எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் 3528 சிசி ரோவர் வி8 எஞ்சினை ஏற்றுவது புதிய முயற்சி அல்ல. 1973 முதல் 1976 வரை தயாரிப்பாளர்களே எம்ஜிபி ஜிடி வி8 என்ற பெயரில் அப்படியொரு காரைச் செய்து விற்றார்கள். என் காரில் இருக்கும் எஞ்சின் வேறொரு வண்டியிலிருந்து கழற்றப்பட்டது. அதனோடு வந்த லூகாஸ் 35டி8 டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு சிலிண்டரின் பிளக்குக்கும் முறைப்படி தீப்பொறியைப் பிரித்தனுப்பும் கருவி) பாயின்ட் வகையைச் சேர்ந்தது, அதாவது தொட்டு விலகும் இரு உலோக முனைகளால் மின்சாரத்தைத் துண்டிப்பது. அதன் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, ஷாஃப்ட் விரலால் அசைத்தாலே ஆடியது. எட்டு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று ஓடும்போது நொடிக்கு 333 தீப்பொறிகள் தேவைப்படுகின்றன. அந்த 3 மில்லி நொடி இடைவெளியில், தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயில் மின்னேற்றம் பெறுவதற்குக் கிடைப்பது 2 மில்லி நொடிக்கும் குறைவு. ஒரே ஒரு பாயின்ட் செட், அதுவும் ஆடுகிற ஷாஃப்டின் மேல், இந்த வேலையைச் சரியாகச் செய்யும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆகவே, லூகாஸ் 35டிஎல்எம்8 வடிவத்தை ஒட்டிப் புதிதாகத் தயாரிக்கப்பட்ட ஓர் எலெக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரை வாங்கிப் பொருத்தினேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அலுமினிய வார்ப்பு சுத்தமாக இருக்கிறது. ஷாஃப்டில் பக்கவாட்டு ஆட்டம் கைக்குத் தெரியவே இல்லை. அடியிலுள்ள பல்சக்கரம் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது அச்சு மாறாமல் பொருந்தியது. இந்த எஞ்சின் குடும்பத்தில் 1976இல் வந்த ரோவர் எஸ்டி1 காருக்கு முந்தைய எஞ்சின்களிலும் பிந்தையவற்றிலும், டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டும் ஆயில் பம்ப் ஷாஃப்டும் சேரும் முனை ஒன்றுபோல் இராது என்பதால், வேறு வண்டியின் எஞ்சினை வைத்திருப்பவர்கள் இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் எதையும் வாங்கக் கூடாது.

பெட்டியிலிருந்து எடுத்தபடியே பொருத்தியிருந்தால் நான் ஏமாந்திருப்பேன். பாயின்ட்டுக்குப் பதிலாகச் சமிக்ஞை தரும் காந்த உணரியான பிக்கப்புக்கும், ஷாஃப்டோடு சுழலும் பல்வளையமான ரிலக்டரின் பற்களுக்கும் இடையே 0.20 முதல் 0.35 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்க வேண்டும். எனக்கு வந்ததில் அது 0.45 இருந்தது. இரும்பு ஃபீலர் கேஜ் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு தவறான அளவைக் காட்டும் என்பதால், பித்தளைத் தகட்டை வைத்து 0.25க்குக் கொண்டுவந்தேன். இடைவெளி அதிகமானால், ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுழற்றும் நேரத்தில் பிக்கப்பிலிருந்து வரும் சமிக்ஞை பலவீனமாகி, குளிர்ந்த எஞ்சின் பற்றிக்கொள்ள மறுக்கும். பிளக் வயர்கள் செருகப்படும் மூடியின் உள்ளே ஓர் அலுமினிய முனையில் பிசிறு இருந்தது. தீப்பொறியை ஒவ்வொரு முனைக்கும் கொண்டுசெல்லும் சுழல் கையான ரோட்டாரும் ஷாஃப்டின் மேல் தளர்வாகவே உட்கார்ந்தது. இரண்டையும் எடுத்துவிட்டு, பித்தளை முனைகள் கொண்ட வேறு மூடியையும் இறுக்கமாக அமரும் ரோட்டாரையும் போட்டேன். இவ்வளவு நல்ல ஷாஃப்டைக் கடைந்தவர்கள் இந்தச் சிறு பாகங்களில் அக்கறை காட்டாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பொருத்தும் வேலை பொறுமையைக் கேட்கிறது. பிளக் துளையில் விரலை வைத்து, காற்று அழுத்திக்கொண்டு வருவதை உணர்ந்து, முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவந்தேன். பல்சக்கரத்தின் பற்கள் சாய்வானவை என்பதால், டிஸ்ட்ரிபியூட்டர் கீழே இறங்க இறங்க ரோட்டார் கடிகார முள் திசையில் திரும்புகிறது. அதனால் முதல் சிலிண்டரின் முனைக்கு ஏறக்குறைய 30 டிகிரி பின்னால் ரோட்டாரை வைத்துக்கொண்டு இறக்க வேண்டும். எனக்கு முதல் முறை அது அரை சென்டிமீட்டர் மேலேயே நின்றுவிட்டது. கிளாம்ப் போல்ட்டை முறுக்கி அதைக் கீழே இழுத்துவிடலாம் என்ற ஆசை அப்போது யாருக்கும் வரும், வரவே கூடாது. அப்படி நிற்பதற்குக் காரணம், ஆயில் பம்பின் முனை இன்னும் டிஸ்ட்ரிபியூட்டரோடு சேரவில்லை என்பதுதான். இந்த எஞ்சினில் ஆயில் பம்பைச் சுழற்றுவதே டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் ஆகையால், இங்கே செய்யும் பிழை தீப்பொறியோடு நிற்காமல் பேரிங்குகளையும் தின்றுவிடும். மீண்டும் வெளியே எடுத்து, பம்ப் ஷாஃப்டை ஒரு நீண்ட கருவியால் சற்றே திருப்பிவிட்டு இறக்கியதும், மெல்லிய 'டக்' ஒலியோடு முழுவதுமாக அமர்ந்தது.

அமர்ந்த பிறகு தெரிந்தது, டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் வாக்குவம் டப்பா ரேடியேட்டரின் மேல் ஹோஸில் இடிக்கிறது என்பது. டைமிங்குக்காக, அதாவது தீப்பொறி விழும் நேரத்தைச் சரிசெய்ய, டிஸ்ட்ரிபியூட்டரின் உடலைத் திருப்ப இடமே இல்லை. இதற்கு ஹோஸை வெட்டவோ பல்சக்கரத்தைப் பல் மாற்றவோ தேவையில்லை. எட்டு முனைகளும் 45 டிகிரி இடைவெளியில் இருப்பதால், உடலைச் சரியாக 45 டிகிரி திருப்பினால் ரிலக்டரின் அடுத்த பல் பிக்கப்புக்கு நேரே வந்துவிடும். ரோட்டார் நகர்வதில்லை, மூடியின் வேறொரு முனை அதன் எதிரே வருகிறது. பிளக் வயர்களை அவை முன்பு நின்ற இடத்திலேயே, இப்போது அங்கே வந்திருக்கும் முனைகளில் செருகினால் போதும். 1-8-4-3-6-5-7-2 என்ற ஃபயரிங் ஆர்டரில் 5உம் 7உம் அடுத்தடுத்துப் பற்றுகின்றன. ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவையும் அவையே. ஒரு வயரின் மின்துடிப்பு மற்றதைத் தூண்டி, அந்தச் சிலிண்டரை முன்கூட்டியே பற்றவைத்துவிடலாம். ஆகவே அந்த இரண்டு வயர்களையும் இணையாகச் சேர்த்துக் கட்டாமல் விலக்கி ஓட்டினேன்.

மின்சாரப் பக்கத்தில் காரின் பழைய வயரிங்தான் தடையாக இருந்தது. பாயின்ட் காலத்து ரெசிஸ்டன்ஸ் வயர் வழியாகக் காயிலுக்கு வந்தது 9.1 வோல்ட், ரிலே ஒன்றை வைத்துத் தனி வயர் இழுத்ததும் 13.6 ஆனது. எஞ்சின் சுற்றைக் காட்டும் பழைய நான்கு சிலிண்டர் டாக்கோமீட்டர் இரண்டு மடங்கு காட்டும் என்பதால் அதையும் திருத்த வேண்டும்.

என் கடுமையான குறை, காயிலின் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் எலெக்ட்ரானிக் மாட்யூலின் இடத்தைப் பற்றியது. அதை டிஸ்ட்ரிபியூட்டரின் விலாவிலேயே, எஞ்சின் சூடு நேரடியாக ஏறும் இடத்தில், வெப்பக் கடத்திப் பசைகூடப் பூசாமல் திருகியிருந்தார்கள். மூன்றாம் வாரத்தில், நெரிசலில் நின்றபோது எஞ்சின் சட்டென்று அணைந்தது. இருபது நிமிடம் ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது. மாட்யூலை ஓர் அலுமினியத் தகட்டில் பசையோடு பொருத்தி, ஃபெண்டரின் உட்புறச் சுவருக்கு மாற்றிய பிறகு அந்தத் தொல்லை திரும்பவில்லை.

வேகம் கூடக்கூடத் தீப்பொறியை முன்கூட்டி விழவைக்கும் அட்வான்ஸ் அமைப்பின் ஸ்பிரிங்குகளும் கனமான வண்டிக்கு உரியவையாகவே இருந்தன: டைமிங் லைட்டில் பார்த்தபோது முழு அட்வான்ஸ் 4500 சுற்றில்தான் வந்தது. ஒரு ஸ்பிரிங்கை மட்டும் மென்மையானதாக மாற்றியதும் 3200 சுற்றிலேயே 32 டிகிரியை எட்டியது. இந்த இலகுவான கார் அதற்கு உடனே இணங்கியது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் முன்பு இருந்த தயக்கம் இல்லை, மிஸ்ஸிங் இல்லை, ஏற்றத்தில் நாக்கிங்கும் கேட்கவில்லை.

இந்த டிஸ்ட்ரிபியூட்டரை மறுபடியும் வாங்குவேன். ஆனால் மூடி, ரோட்டார் இரண்டையும் அதே நாளில் தனியாக வாங்கிவிடுவேன். பொருத்திய முதல் வாரத்தில் எஞ்சின் பலமுறை சூடேறி ஆறிய பின் கிளாம்ப் போல்ட் சற்றுத் தளர்ந்து, டைமிங் 2 டிகிரி நகர்ந்திருந்தது. இறுக்கி மீண்டும் வைத்தபின் இந்த எட்டு மாதங்களில் அது அசையவில்லை.