டவுன் சிண்ட்ரோம் பிள்ளைக்கு சிபாப் மெஷின்: ரொம்ப நாள் யூஸ் பண்ணிட்டு எழுதறேன்

சிபாப்னா தூங்கும்போது மாஸ்க் வழியா காத்தடிச்சு மூச்சுப்பாதை அடைக்காம பாத்துக்கற மெஷின். மெஷின் நல்லா வேலை செய்யுது, அதுல குறையில்ல, ஆனா நம்ம பிள்ளைங்களுக்கு மெஷின விட மாஸ்க்தான் முக்கியம். இவங்களுக்கு நடு முகம் தட்டையா, மூக்குத்தண்டு பள்ளமா இருக்கும், சாதாரண மாஸ்க் போட்டா மேல் பக்கமா காத்து கசிஞ்சு கண்ணுல அடிக்கும், காலையில கண்ணு செவசெவன்னு இருக்கும். பல மாஸ்க் மாத்தின பிறகுதான் மெத்துன்னு சிலிக்கான் வச்ச சின்ன மூக்கு மாஸ்க் ஒண்ணு செட் ஆச்சு.

மகளுக்கு தூக்கத்துல மூச்சு அடைக்குதுன்னு டான்சில், அடினாய்ட் (மூக்குக்குப் பின்னால இருக்கற சதை) ரெண்டும் எடுத்தாச்சு. மத்த பிள்ளைங்களுக்குப் பெரும்பாலும் அதோட சரியாயிடும், இவங்களுக்கு தசை தளர்ச்சி, சின்ன வாய்க்குள்ள இடம் பத்தாத நாக்கு, ஒடுங்கின மூச்சுப்பாதைன்னு எல்லாம் சேர்ந்து இருக்கறதால ஆபரேஷனுக்குப் பிறகும் நெறைய பேருக்கு தூக்கத்துல மூச்சு அடைக்கும். எங்க பிள்ள மூச்சு விட வழி தேடி சம்மணம் போட்டு உக்காந்து அப்படியே முன்னால குனிஞ்சு தூங்குவா, இல்லாட்டி கழுத்த பின்னால வளச்சுக்குவா. குறட்டை பெருசா இல்ல. ஒரு கிளினிக்ல ‘இந்த மாதிரி பிள்ளைங்க அப்படித்தான் தூங்குங்க’ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க, அது இன்னும் மனசு ஆறல. அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கம் டவுன் சிண்ட்ரோம் பிள்ளைங்களுக்கு குறட்டை இல்லாட்டியும் 4 வயசுக்குள்ள ஸ்லீப் ஸ்டடி (தூங்கும்போது மூச்சு எப்படி இருக்குன்னு பாக்கற டெஸ்ட்) எடுக்கச் சொல்லுது. பிள்ளைங்களுக்கு ஒரு மணி நேரத்துல 1 தடவைக்கு மேல மூச்சு அடைச்சாலே நார்மல் கிடையாது, 10க்கு மேல போனா கடுமை.

பழக்கறதுதான் பெரிய வேலை. மொதல்ல மெஷின் ஆன் பண்ணாம, பகல்ல டிவி பாக்கும்போது சும்மா மூஞ்சில வச்சு எடுத்தோம், பொம்மைக்கு வச்சோம், பாட்டி மூக்குல வச்சோம், பாட்டிக்கு வச்சப்பதான் சிரிச்சா. இப்ப அவளே ஸ்ட்ராப்ப இழுத்து மாட்டிக்கிட்டு ‘காத்து போடுமா’ன்னு கேக்கறா. மூக்கு மாஸ்க்கா இருந்தாலும் அவளே கழட்டத் தெரிஞ்சிருக்கணும், கரண்ட் போச்சுன்னா அதுதான் பாதுகாப்பு. மலேசியாவுல சுங்கை சிப்புட்ல எங்க செம்பனைத் தோட்டத்துப் பக்கம் இடி மழைன்னா கரண்ட் போறது சகஜம், இடி இடிச்சா பிளக்கையே புடுங்கிடுவேன்.

ஃபேன் காத்து நேரா டியூப் மேல பட்டா உள்ள தண்ணி கோத்து களக்களக்குன்னு சத்தம் வரும், துணி உறை தச்சுப் போட்டதும் நின்னுச்சு. காத்த ஈரப்படுத்தற ஹியூமிடிஃபையருக்கு ஃபார்மசில விக்கிற டிஸ்டில்ட் வாட்டர்தான். புகைமூட்டம் வந்தா ஃபில்டர் சீக்கிரமே கறுத்துடும், எக்ஸ்ட்ரா வாங்கி வைங்க.

முந்தி பசியாறும்போதே தட்டு முன்னாடி தூங்கி விழுவா, இப்ப ரொட்டி சானாய்க்கு அண்ணன்கூட சண்டை போடறா. பிள்ள வளர வளர மாஸ்க் சைஸும் காத்து பிரஷரும் மாறும், அதனால அளவு பாக்காம ஆன்லைன்ல வாங்காதீங்க, பிள்ளையையும் மாஸ்க்கையும் டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போய் போட்டுக் காட்டி வாங்குங்க.